கெளுத்தியும் உளியும்

நைல் நெடுங்கதை – பகுதி 4

சென்ற வாரம் ஒரு தானியக் குழியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தோம். ஃபயூம் ஏரிக்கரையில் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ஸன் 1920-களில் தோண்டிய குழிகளில் ஒன்று. மண் உதிராமல் இருக்க உள்சுவரைச் சுற்றி வைக்கோல் பின்னல். உள்ளே ஒரு கதிர் அரிவாள். இரும்பு ஏது? மரக்கட்டையின் விளிம்பில் பிசின் வைத்து ஒட்டிய தீக்கல் பற்கள்தாம்.

சகாரா காயக் காய, மாடு மேய்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாக நைலை நோக்கி நகர்ந்தார்கள். மேற்கு ஆசியாவிலிருந்து கோதுமையும் பார்லியும் வந்து சேர்ந்தன. விதைத்தார்கள், அறுத்தார்கள், மிச்சத்தைக் குழியில் போட்டு மூடினார்கள். மிச்சம் என்று ஒன்று வந்துவிட்டால் அதன்மீது கண் வைக்கவும் ஒருவர் வந்துவிடுவார். அந்தக் கண் யாருடையது என்று கேட்டு நிறுத்தியிருந்தேன்.

குழியின் காலம் கி.மு. 4500-ஐ ஒட்டி. கி.மு. 3100 வாக்கில் அதே நதிக்கரையில் ஒருவன் நிற்கிறான். தலையில் உயரமான கிரீடம். ஓங்கிய கையில் கதாயுதம். காலடியில் மண்டியிட்ட ஒருவனின் தலைமயிர் அவனுடைய மறு கையின் பிடியில்.

குழிக்கும் கதாயுதத்துக்கும் நடுவே நதி என்ன செய்தது?

*

அந்தக் காலத்து ஜூன் மாதம். எகிப்தில் வானம் பார்த்துப் பயனில்லை, மழை வராது. நைல் ஆண்டிலேயே மிக மெலிந்து கிடக்கும். அறுவடை முடிந்த வயல் பாளம் பாளமாக வெடித்திருக்கும்.

வெகு தெற்கே எத்தியோப்பிய மேட்டுநிலத்தில், நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற அதே மாதங்களில், மழை கொட்டத் தொடங்கும். நீல நைலும் அத்பாரா ஆறும் எரிமலைப் பாறை கரைந்த மண்ணை வாரிக்கொண்டு வடக்கே பாயும். வெள்ளை நைல் வேறு குணம். விக்டோரியா ஏரிப் பக்கமிருந்து ஆண்டு முழுக்க நிதானமாக வரும். கோடையில் ஆறு வற்றிப்போகாமல் காப்பது அதுதான். ஆனால் வயலுக்குச் சோறு போட்டது நீல நைல்.

ஜூலை நடுவில், எழுபது நாள் கண்ணில் படாமல் இருந்த சிரியஸ் விண்மீன் விடியலுக்குச் சற்று முன் கிழக்கே தெரியும். வெள்ளம் வருகிறது என்பதற்கு அதுவே அறிகுறி. எகிப்தியர்களின் புத்தாண்டும் அதை ஒட்டித்தான். ஆகஸ்ட், செப்டம்பரில் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே ஏரி. மேட்டில் கட்டிய ஊர்கள் தீவுகளாக நிற்கும். பக்கத்து ஊருக்குப் படகில்தான் போக வேண்டும்.

நாற்பது முதல் அறுபது நாள் வரை தண்ணீர் நிற்கும். பிறகு வடியும். வடிந்த இடத்தில் கறுப்பு வண்டல், கால் வைத்தால் புதையும் ஈரம். விதையைத் தூவி, ஆடுமாடுகளை ஓட்டி மிதிக்கவிட்டால் போதும். பயிர் முளைத்த பிறகு தண்ணீர் பாய்ச்சும் வேலையும் பெரிதாக இல்லை. மண்ணில் தங்கிய ஈரமே கதிர் முற்றும்வரை தாங்கும்.

ஆண்டை அவர்கள் மூன்றாகத்தான் பிரித்தார்கள். வெள்ளக் காலம் அகெத். நிலம் வெளிப்பட்டுப் பயிர் வளரும் காலம் பெரெத். அறுவடைக் காலம் ஷெமு. ஒவ்வொன்றும் நான்கு மாதம். நாட்டுக்கு வைத்த பெயர் கெமெத், கறுப்பு நிலம். வண்டல் முடிந்து மணல் தொடங்கும் இடம் தெஷ்ரெத், சிவப்பு நிலம். ஒரு காலைக் கெமெத்திலும் மறு காலைத் தெஷ்ரெத்திலும் ஊன்றி நிற்கலாம், எல்லை அவ்வளவு துல்லியம்.

மெசபடோமியாவில் வாழ்ந்தவர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. டைக்ரிஸும் யூப்ரடிஸும் வசந்தத்தில், வயலில் கதிர் நிற்கும்போது பெருகும். கரை போட்டு வெள்ளத்தைத் தடுப்பதே அங்கே பெரும்பாடு. நைலோ அறுவடைக்குப் பின், விதைப்புக்கு முன், வேலையில்லாத நேரம் பார்த்து வந்தது. போகும்போது மண்ணில் சேர்ந்த உப்பையும் அலசிக்கொண்டு போனது.

எகிப்து நைலின் கொடை என்று ஹெரோடோட்டஸ் சொன்னதாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவர் குறிப்பாகச் சொன்னது வடக்கே வண்டல் படிந்து உருவான டெல்டாப் பகுதியை. கடல் இருந்த இடத்தில் ஆறு மண் கொட்டி நிலமாக்கியது என்ற பொருளில். நாம் அதை இழுத்து முழு நாட்டுக்கும் போர்த்திவிட்டோம். போர்த்தியதில் ஒரு தொல்லை வந்தது: கொடை என்றால் வாங்கிக்கொண்டவன் சும்மா இருந்தான் என்றாகிவிடும்.

*

ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய ஒரு கதாயுதத் தலை இருக்கிறது. சண்டைக்கு ஆகாத அளவுக்குப் பெரியது, சடங்குக்குச் செய்தது. அதில் வெள்ளைக் கிரீடம் தரித்த ஒருவன் மண்வெட்டியோடு நிற்கிறான். முகத்துக்கு முன்னால் ஒரு தேள். அதனால் அவனைத் தேள் அரசன் என்கிறோம். எதிரே ஒருவன் கூடையை ஏந்திக் குனிகிறான். காலடியில் வளைந்து ஓடுகிறது தண்ணீர்.

அரசன் வாய்க்கால் வெட்டுகிறான் என்று பலர் படித்தார்கள். கோயிலுக்கு அடித்தளம் தோண்டும் சடங்கு என்று படிப்பவர்களும் உண்டு. முதல் வாசிப்புதான் புகழ்பெற்றது, ஏனென்றால் அதன் பின்னால் ஒரு பெரிய கோட்பாடு நின்றது.

கார்ல் விட்ஃபோகல் 1957-இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். பெரிய ஆறு, பெரிய பாசனம். பெரிய பாசனத்துக்கு ஆயிரக்கணக்கான ஆட்கள். ஆட்களை மேய்க்க அதிகாரிகள். அதிகாரிகள் தலைமேல் ஒரு சர்வாதிகாரி. மதகின் சாவி யார் கையிலோ, நாடும் அவன் கையில். கேட்க வெகு அழகாக இருக்கிறது.

நைலுக்கு அது பொருந்தவில்லை. புவியியலாளர் கார்ல் புட்ஸர் 1976-இல் பழைய எகிப்தின் பாசனத்தைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். நைல் தானே கரைமேடுகளைக் கட்டிக்கொள்கிறது. அவற்றுக்குப் பின்னால் இயற்கையாகவே பள்ளங்கள் அமைகின்றன. கரையை ஓரிடத்தில் வெட்டி நீரை உள்ளே விடுவது, மண் வரப்பால் தடுத்து நிறுத்துவது, நேரம் பார்த்து வடியவிடுவது. இவ்வளவுதான் வேலை. ஒரு ஊரோ நாலைந்து ஊர்களோ கூடிச் செய்துவிடலாம். ஏற்றம்கூட மிகப் பிந்தி, புதிய அரசுக் காலத்தில்தான் வந்தது. ஆரம்பகால எகிப்தில் நாடு முழுதும் தண்ணீர் திறந்துவிடும் அரசு இலாகா என்று ஒன்று இருந்த தடயமே இல்லை.

தண்ணீர் விட அரசன் தேவைப்படவில்லை. பிறகு எதற்கு வந்தான்?

*

ஒரு படகில் ஏறுங்கள். அஸ்வானுக்கு வடக்கே, பாறைகள் முடியும் இடத்தில். துடுப்பைக்கூடப் போட வேண்டாம். நீரோட்டம் உங்களைக் கடல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். சுமார் 1,200 கிலோமீட்டர், நடுவில் ஒரு அருவியோ பாறைத்தடையோ கிடையாது.

திரும்பி வர வேண்டுமா? பாயை விரியுங்கள். மத்தியதரைக் கடலிலிருந்து ஆண்டின் பெரும்பகுதி வடகாற்று வீசுகிறது. நீர் வடக்கே தள்ளும், காற்று தெற்கே தள்ளும். உலகில் வேறெந்தப் பெரிய ஆற்றுக்கும் இவ்வளவு நேர்த்தியான போக்குவரத்து ஏற்பாடு அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எகிப்தியரின் எழுத்திலேயே இது பதிந்திருக்கிறது. தெற்கே போவதைக் குறிக்கும் சொல்லோடு பாய் விரித்த படகு. வடக்கே போவதற்குப் பாய் இறக்கிய படகு. பிற்காலத்தில் படையெடுத்துப் போய் யூப்ரடிஸைப் பார்த்தபோது, ஆறு தெற்கு நோக்கி ஓடுவதைக் கண்டு திகைத்து, அதைத் தலைகீழ் நீர் என்று கல்லில் பொறித்தார்கள். ஆறு என்றாலே வடக்கே ஓட வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு.

1894-95-இல் நகாதா என்ற இடத்தில் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டினார். அந்தப் பண்பாட்டின் பானைகளில் திரும்பத் திரும்ப வரும் படம் என்ன தெரியுமா? வயல் இல்லை, கதிர் இல்லை. படகு. வரிசை வரிசையாகத் துடுப்புகள், நடுவில் இரண்டு சிறு குடில்கள், கம்பத்தில் ஊர்ச்சின்னம். கி.மு. 3200-ஐ ஒட்டிய ஒரு ஜாடியில் சதுரப் பாயும் ஏறிவிட்டது.

உழவன் வயலைப் பார்த்தான். தலைவன் ஆகப்போகிறவன் ஆற்றை ஒரு சாலையாகப் பார்த்தான். அரசு அங்கேதான் முளைத்தது என்பது என் எண்ணம்.

*

சாலை ஓரத்தில் மூன்று ஊர்கள் வளர்ந்தன, மூன்றும் தெற்கில்.

நகாதாவின் பழைய பெயர் நுப்த், பொன்னூர். கிழக்குப் பாலைவனத்தின் தங்கத்துக்குப் போகும் வழி அங்கே திறக்கிறது. அதற்குத் தெற்கே நெகென். கிரேக்கர்கள் அதைத்தான் ஹைராகொன்போலிஸ், பருந்தின் நகர், என்றார்கள். கி.மு. 3600 வாக்கிலேயே அங்கே பெரிய தொட்டிகளில் பீர் காய்ச்சியிருக்கிறார்கள். வீட்டுக்குக் குடிக்க அவ்வளவு தேவையில்லை. வேலையாட்களுக்கும் விருந்துக்கும் ஊற்ற யாரோ தானியத்தை ஒரே இடத்தில் குவித்திருக்க வேண்டும். வடக்கே மூன்றாவது ஊர் திஸ். அதன் தலைவர்களின் இடுகாடு அபைடோஸ்.

மூன்றில் ஒன்று தோற்றால் தோற்றவர்கள் எங்கே போவார்கள்? காட்டுப் பகுதியில் என்றால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம். இங்கே வண்டல் பட்டையின் அகலம் சில இடங்களில் ஓரிரு கிலோமீட்டர்தான். இருபுறமும் பாலைவனம். மானுடவியலாளர் ராபர்ட் கார்னெய்ரோ 1970-இல் இதை எடுத்துச் சொன்னார்: ஓட இடமில்லாத நிலத்தில் தோற்றவன் பணிந்து, விளைந்ததில் பங்கு கொடுத்து வாழ்வதைத் தவிர வழியில்லை. சோறு போட்ட வண்டலே வேலியும் ஆயிற்று.

1988-இல் குந்தர் ட்ரையர் அபைடோஸில் ஒரு கல்லறையைத் திறந்தார். யு-ஜெ என்று பெயர். காலம் கி.மு. 3200-ஐ ஒட்டி. மதுஜாடிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றைவிட முக்கியமானவை தபால்தலை அளவுள்ள எலும்பு, தந்தத் துண்டுகள், நூற்றைம்பதுக்கும் மேல். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கயிறு கோக்க ஒரு துளை. ஒன்றில் யானை. ஒன்றில் பறவை. சிலவற்றில் வெறும் கோடுகள், எண்கள்.

சரக்கு மூட்டைகளில் கட்டிய சீட்டுகள் அவை. எங்கிருந்து வந்தது, எவ்வளவு. எகிப்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்து இதுதான். சாமி பாட்டு இல்லை, ராஜா புகழ் இல்லை. கணக்கு.

*

1897-98 குளிர்காலம். நெகெனின் பழைய கோயில் மேட்டை ஜேம்ஸ் குயிபெலும் ஃபிரடெரிக் கிரீனும் தோண்டுகிறார்கள். பக்தர்கள் காணிக்கையாகக் கொடுத்துப் பிறகு புதைக்கப்பட்ட பொருட்களின் குவியல் அகப்படுகிறது. தேள் அரசனின் கதாயுதமும் அங்கிருந்து வந்ததுதான். அந்தக் குவியலிலோ அதன் அருகிலோ (இருவர் குறிப்பும் இதில் ஒத்துப்போகவில்லை; தோண்டுகிறவர்கள் சண்டையை இன்னொரு நாள் பேசலாம்) கருநிறமான ஒரு கல் பலகை. உயரம் 64 சென்டிமீட்டர். கேடயம் போல் மேலே அகன்று கீழே குறுகும் வடிவம்.

மெல்லத் திருப்பிப் பாருங்கள்.

ஒரு பக்கம். வெள்ளைக் கிரீடம், தெற்கின் கிரீடம், தரித்தவன் கதாயுதத்தை ஓங்கியிருக்கிறான். பின்னால் ஒருவன் அரசனின் செருப்பைக் கையில் பிடித்து நிற்கிறான், அரசன் வெறுங்காலில். எதிரே ஒரு பருந்து. அதன் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை ஒரு மனிதத் தலையின் மூக்கில். அந்தத் தலை முளைத்திருப்பது பாப்பிரஸ் கோரை வளர்ந்த நிலத்திலிருந்து. பாப்பிரஸ் என்றால் சதுப்புநிலம், டெல்டா, வடக்கு.

மறு பக்கம். அதே மனிதன் இப்போது சிவப்புக் கிரீடத்தோடு நடக்கிறான். பிற்காலத்தில் வடக்கின் கிரீடம் என்று அறியப்பட்டது அது. அவனுக்கு எதிரே பத்து உடல்கள் இரு வரிசையாக. தலைகள் வெட்டப்பட்டு, அவரவர் கால்களுக்கு நடுவே ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒழுங்காக என்ற சொல்தான் வயிற்றைப் பிசைகிறது.

உடல்களுக்கு மேலே ஒரு படகு.

நடுவில் நீண்ட கழுத்துள்ள இரண்டு மிருகங்கள், கழுத்தோடு கழுத்து பின்னி நிற்கின்றன. கழுத்துகள் வளைந்த வட்டத்துக்குள் ஒரு குழிவு. கண்மை அரைக்கும் இடம்! இவ்வளவும் ஒரு மை அரைக்கும் பலகைதான், காணிக்கைக்காகப் பெரிதாகச் செய்தது. பெண்களும் ஆண்களும் வெயிலுக்கு இட்டுக்கொண்ட மைக்கான தட்டில் ஒரு நாட்டின் பிறப்பைச் செதுக்கியிருக்கிறார்கள்.

இரண்டு பக்கத்திலும் உச்சியில், அரண்மனை முகப்பு போன்ற கட்டத்துக்குள் ஒரு பெயர். இரண்டே சித்திரங்கள். ஒரு கெளுத்தி மீன்: நார். கீழே ஒரு உளி: மெர்.

நார்மெர்.

ஆற்றின் சேற்றில் கிடக்கும் மீனைப் பெயரில் வைத்துக்கொண்டவன். அந்தக் கெளுத்தியும் உளியும் கீறிய பானை ஓடுகள் டெல்டாவிலும், சினாயைத் தாண்டிக் கானான் தேசத்திலும் கிடைத்திருக்கின்றன. அபைடோஸில் அகப்பட்ட ஒரு முத்திரை பழைய அரசர்களை வரிசையாகச் சொல்கிறது. முதல் பெயர் அவனுடையது.

ஒரே போரில் இரு நாடுகள் ஒன்றாகிவிட்டன என்று பலகை சொல்ல விரும்புகிறது. நான் அப்படியே நம்பத் தயாரில்லை. நகாதாவின் பானைகளும் கல்லறைப் பழக்கமும் நார்மெருக்கு முன்பே வடக்கே பரவிவிட்டன. படகுகள் போய்வந்து, சரக்கு மாறி, ஆட்கள் குடியேறி, நூற்றைம்பது இருநூறு ஆண்டுகளில் நடந்த ஒன்றின் முடிவில் அவன் நிற்கிறான். முடிவில் நிற்பவன்தான் பலகை செய்துகொள்கிறான்.

*

இனிமேல் தெற்கே உட்கார்ந்து ஆள முடியாது. பள்ளத்தாக்கு முடிந்து டெல்டா விரியும் கழுத்தில், இன்றைய கெய்ரோவுக்குச் சற்றுத் தெற்கே, புதுத் தலைநகர் எழுந்தது. வெண்மதில் என்று பெயர், பின்னாளில் மெம்ஃபிஸ். மேலிருந்து இறங்கும் படகும் கீழிருந்து ஏறும் படகும் அந்தக் கழுத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சுங்கச் சாவடிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

நம் தானியக் குழியின் மீது விழுந்த கண் யாருடையது என்பதற்கு இங்கே பதில் கிடைக்கிறது.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அரசன் தன் பரிவாரத்தோடு படகேறினான். ஹோரஸைப் பின்தொடர்தல் என்று அதற்குப் பெயர். பருந்துக் கடவுள் ஹோரஸ் வேறு, அரசன் வேறு அல்ல. கரையோர ஊர்களில் நின்று நின்று, வழக்குத் தீர்த்து, வரவேண்டியதை வாங்கிக்கொண்டு போவார்கள். ஆட்சியே படகில் ஏறி வாசலுக்கு வந்தது.

எவ்வளவு வாங்குவது? அதை ஆறே சொல்லிவிடும். வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்று தெரிந்தால் எத்தனை பள்ளம் நிரம்பும் என்று தெரியும். அது தெரிந்தால் விளைச்சல் தெரியும். விதைக்கும் முன்பே வரியைக் கணித்துவிடலாம். பல நூற்றாண்டுக்குப் பின் ரோமானியரான பிளினி, 12 முழம் ஏறினால் பஞ்சம், 16 முழம் என்றால் கொண்டாட்டம் என்று கணக்குச் சொல்வார். வாடிகனில் இருக்கும் நைல் சிலையின்மீது 16 குழந்தைகள் ஏறி விளையாடுவதும் அந்தக் கணக்குத்தான்.

சிசிலியின் பலெர்மோ நகரில் ஒரு கறுப்புக் கல் துண்டு இருக்கிறது. உயரம் 43 சென்டிமீட்டர். ஐந்தாம் வம்சத்துக் காலத்தில், பழைய அரசர்களின் ஆண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டம் போட்டு எழுதிய பெரும் பட்டியலின் உடைந்த பகுதி. ஒரு கட்டம், ஒரு வருடம். திருவிழா, சிலை செய்தது, கால்நடைக் கணக்கு, ஹோரஸைப் பின்தொடர்தல் என்று ஓரிரு செய்திகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் ஒரு சிறு பெட்டி. அதில் அந்த ஆண்டின் வெள்ள உயரம்: இத்தனை முழம், இத்தனை உள்ளங்கை, இத்தனை விரற்கடை. ஒரு முழத்துக்கு ஏழு உள்ளங்கை; ஒரு உள்ளங்கைக்கு நான்கு விரல்.

விரற்கடை அளவுக்கு! போர் நடந்ததா என்பதுகூடச் சில கட்டங்களில் இல்லை. தண்ணீர் எத்தனை விரல் ஏறியது என்பதை விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

1970-இல் பார்பரா பெல் அந்தச் சிறு பெட்டிகளை மட்டும் வரிசையாகப் படித்தார். முதல் வம்சத்தில் தாராளமாக இருந்த எண்கள் அதன் பிறகு இறங்குகின்றன. ஏதோ ஒரு வருடம் அல்ல. இறங்கி, அந்த மட்டத்திலேயே நிற்கின்றன.

எண்கள் இறங்கிய அந்த இரண்டாம் வம்சத்தில்தான் விசித்திரமான ஒன்று நடக்கிறது. பெரிப்சென் என்றொரு அரசன். நார்மெர் தொடங்கி எல்லா அரசர் பெயருக்கும் மேலே அமர்ந்திருந்த ஹோரஸ் பருந்தை அவன் இறக்கிவிடுகிறான். அந்த இடத்தில் ஏறுவது சேத், ஹோரஸின் எதிரி, பாலைவனத்தின் கடவுள். அவனுக்குப் பின் வந்த காசெகெம் நெகென் கோயிலுக்குக் கொடுத்த இரண்டு சிலைகள் அங்கேயே கிடைத்தன. அமைதியாக அமர்ந்திருக்கும் அரசனின் பீடத்தைச் சுற்றிக் கைகால் முறுக்கிக்கொண்டு விழுந்து கிடக்கும் உடல்கள். வடக்கின் எதிரிகள். ஒரு சிலையில் எண்ணும் பொறித்திருக்கிறது: 47,209.

பிற்பாடு அவன் தன் பெயரை மாற்றிக்கொண்டான். காசெகெம்வி, இரு சக்திகளும் தோன்றின. பெயருக்கு மேலே இப்போது ஹோரஸும் சேத்தும் எதிரெதிரே நின்றார்கள்.

இரண்டை ஒன்றாக்கிய வேலை நார்மெரோடு முடிந்திருந்தால், இவனுக்கு எதற்கு அந்தப் பெயர்? சிறு பெட்டிகளில் எண்கள் சுருங்கிய பிறகு, படகில் வந்து நின்ற அதிகாரியிடம் வடக்கின் ஊர்கள் என்ன பதில் சொல்லியிருக்கும்?

(தொடரும்)